பெரும்பாடு

மாதத்தில் ஏழெட்டு நாட்கள் இரண்டே புடவைகளைத்தான் மாற்றி மாற்றிக் கட்டினேன். ஒன்று கருநீலச் சுங்குடி, இன்னொன்று அடர்ந்த மெரூன். வெளிர் நிறம் எதையும் அந்த நாட்களில் பீரோவிலிருந்து எடுத்ததில்லை. நான் அரசுப் பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை. அடுத்தடுத்து இரண்டு வகுப்பு வந்தால் ஒன்றரை மணி நேரம் நின்றாக வேண்டும். கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் முந்தானையை இழுத்துப் பின்னால் சுற்றிக்கொள்வது பழக்கமாகியிருந்தது. வலி கிளம்பினால் மேசை விளிம்பில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு, ஒரு பத்தியை மனதுக்குள் வாசிக்கச் சொல்வேன். பிள்ளைகள் வாசிப்பார்கள். வலி ஒரு சுற்றுச் சுற்றி இறங்கும்வரை நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

நான்கு வருடம் இப்படிப் போனது. நாற்பதை நெருங்கினால் எல்லாருக்கும் இப்படித்தான் என்று நானே நம்பியிருந்தேன். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

அம்மாவிடம் சொன்னபோது, "பொம்பளைன்னா வலி இல்லாமலா? தாங்கிக்கடி" என்றாள். சின்ன அத்தையிடம் சொன்னபோது, "ரெண்டு புள்ள ஆச்சுல்ல, கர்ப்பப்பைய எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இரு" என்றார். இருவருக்கும் என்மேல் கொள்ளைப் பிரியம். அவர்கள் காலத்தில் அவர்களுக்குச் சொல்லப்பட்டதைத்தான் எனக்குச் சொன்னார்கள். 'தாங்கிக்கோ', இல்லாவிட்டால் 'எடுத்துடு'. அடிவயிற்று வலிக்கு நம் வீடுகளில் புழங்கும் பதில் இந்த இரண்டுதான். இரண்டுக்கும் நடுவில் ஒரு முழு மருத்துவமே இருக்கிறது.

என் வலிக்கு முதலில் வாயு என்று பெயர் வைத்தார்கள். வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, சாப்பிட்டபின் ஒரு டானிக். இரவில் நாலைந்து முறை எழுந்து சிறுநீர் கழிக்கப் போகிறேன் என்றதும், அது சிறுநீர்த் தொற்று ஆனது. பரிசோதனையில் கிருமி எதுவும் தெரியவில்லை. ஆனாலும் ஆன்டிபயாட்டிக் தந்தார்கள். கர்ப்பப்பை பெருத்தால் முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்தும், பின்னால் மலக்குடலை அழுத்தி மலச்சிக்கல் கொண்டுவரும், இடுப்பிலும் வலியை இறக்கும். இந்த மூன்றும் எனக்கு இருந்தன. மூன்றையும் தனித்தனி நோயாக நினைத்து மூன்று இடத்தில் மருந்து வாங்கினேன்.

என் பக்கமும் ஒரு தவறு உண்டு. வலியைச் சொன்னேனே தவிர, உதிரப்போக்கைச் சொல்லவில்லை. எதிரே ஆண் டாக்டர், பக்கத்தில் கணவர். 'வயித்து வலி' என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாவற்றையும் மூடிவைத்தேன். வீட்டுக்குத் தூரம், தலைக்கு ஊத்தறது, அந்த மூணு நாள் என்று மறைத்துச் சொல்லத்தான் நமக்கு எத்தனை வழிகள். ஆனால் என் அப்பாயி இதை மறைத்ததில்லை. "அவளுக்குப் பெரும்பாடு, வெளுத்துப்போயி கெடக்கா" என்று பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றித் திண்ணையிலேயே சொல்வார். அந்தப் பெண் ரொம்பக் கஷ்டப்படுகிறாள் என்றுதான் சிறுவயதில் புரிந்துகொண்டேன். அளவுமீறிய உதிரப்போக்குக்குச் சித்த மருத்துவத்தில் வழங்கும் நோய்ப்பெயர் அது. படும் பாட்டுக்கும் நோய்க்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது தமிழ். அந்தச் சொல்லை ஒரு டாக்டரிடம் நான் சொல்லியிருந்தால் மூன்று வருடம் மிச்சமாகியிருக்கும்.

எது அளவு, எது மீறல் என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. ஒரு நாப்கின் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை, ஏழு நாளைத் தாண்டியும் நிற்கவில்லை, பெரிய பெரிய கட்டியாக விழுகிறது, இரவில் துணி மாற்றுவதற்கென்றே எழ வேண்டியிருக்கிறது. இதில் எது இருந்தாலும் அது அதிகம்தான். எனக்கு நான்கும் இருந்தன. கூடவே ஒரு விநோதமான ஆசை. இட்லிக்கு ஊறப்போட்ட அரிசியைப் பிடி பிடியாக அள்ளி வாயில் போட்டுக்கொள்வேன். மாடிப்படி ஏறினால் மூச்சு இரைத்தது. இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு இப்படி அரிசியும் ஐஸ் கட்டியும் மண்ணும் தின்னத் தோன்றும் என்பதை ரத்தப் பரிசோதனைக்குப் பிறகுதான் அறிந்தேன். 12-க்குக் குறையாமல் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 7.4 இருந்தது.

ஸ்கேன் எடுத்த நாளை மறக்க முடியவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். கருவின் பாலினத்தைச் சொல்ல மாட்டோம் என்ற அறிவிப்புப் பலகைக்குக் கீழே, வளைகாப்பு வளையல் குலுங்க உட்கார்ந்திருந்த கர்ப்பிணிகளுக்கு நடுவில் நான். "எத்தனாவது மாசம்க்கா?" என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள். என் வயிறு அப்படித்தான் இருந்தது. கர்ப்பப்பை இத்தனை வார அளவு என்று கர்ப்பத்தின் கணக்கிலேயே கர்ப்பப்பையில் வரும் கட்டிக்கும் டாக்டர்கள் அளவு சொல்கிறார்கள். எனக்கு 12 வாரம்.

ரிப்போர்ட்டில் 'பல்கி யூட்டரஸ்', அதாவது பெருத்த கர்ப்பப்பை என்றும், ஃபைப்ராய்டு 6.2 செ.மீ. என்றும் இருந்தது. அம்மா அதை நீர்க்கட்டி என்றே எல்லாரிடமும் சொன்னாள். நீர்க்கட்டி பெரும்பாலும் சினைப்பையில் வருவது, உள்ளே நீர் இருக்கும். ஃபைப்ராய்டு என்பது நார்க்கட்டி; கர்ப்பப்பையின் தசையிலிருந்தே திரண்டு வருவது, தொட்டால் கெட்டியாக இருக்கும். கட்டி என்றாலே புற்றுநோய் என்று நம் மனம் பதறுகிறது. நார்க்கட்டி புற்றாக இருப்பது மிக அரிது. அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு 2003-ல் வெளியானது. 50 வயதை எட்டுவதற்குள் கறுப்பினப் பெண்களில் 80 சதவீதத்துக்கு மேலும், வெள்ளையினப் பெண்களில் ஏறக்குறைய 70 சதவீதமும் இந்தக் கட்டியைக் கொண்டிருப்பார்கள் என்றது அது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களால் வளர்வதால், மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் தானே சுருங்கிவிடும். ஸ்கேனில் கட்டி தெரிந்தது என்பதாலேயே வலிக்கு அதுதான் காரணம் என்று முடிவுகட்ட முடியாது. எனக்கு மிகவும் பிந்திக் கிடைத்த பாடம் இது.

ஏனென்றால் ரிப்போர்ட்டோடு நான் போன தனியார் மருத்துவமனையில் மூன்றே நிமிடத்தில் முடிவு சொல்லிவிட்டார்கள். "கட்டி பெருசு. கர்ப்பப்பைய எடுத்துடலாம். ஃபேமிலி கம்ப்ளீட் ஆயிடுச்சுல்ல சார்?" கேள்வி என் கணவரிடம். "ஓவரியையும் சேத்து எடுத்துட்டா பின்னாடி தொந்தரவே இருக்காது." தேதியும் குறித்துக் கொடுத்தார்கள். 41 வயதில் நன்றாக இருக்கும் சினைப்பைகளை எடுத்தால் அன்றைக்கே மாதவிடாய் நின்றுபோகும், எலும்பு தேயும், இதயநோய்க்கு வாய்ப்பு கூடும் என்பதை அந்த அறையில் யாரும் சொல்லவில்லை. முன்பணம் கட்டப் போன இடத்தில் வரிசை நீளமாக இருந்ததால் நாளை வரலாம் என்று திரும்பினோம். மறுநாள் ஸ்டாஃப் ரூமில் உயிரியல் டீச்சர் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, இன்னொருத்தர்ட்ட காட்டாம கையெழுத்துப் போடாதீங்க" என்றாள்.

அப்படித் தேடிப் போனவர் திருச்சியில் ஒரு டாக்டரம்மா. அறுபது வயதிருக்கும். ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு என்னைக் கேட்டார். "வலி எங்கேம்மா, கைய வச்சுக் காட்டுங்க. ரத்தம் வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிக்குதா, வந்த பிறகா? மோஷன் போகும்போது வலிக்குதா? வீட்டுக்காரரோட இருக்கும்போது?" அதற்கு முன் ஒருவரும் இதைக் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு மாதம் தினசரி நாள்காட்டியில் குறித்துக்கொண்டு வரச் சொன்னார். வலிக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண், எத்தனை நாப்கின், மாத்திரை போட்டேனா இல்லையா. அதுவரை ரத்தம் குறைய டிரானெக்சாமிக் அமில மாத்திரையும், இரும்புச்சத்து டிரிப்பும் கொடுத்தார்.

கிழித்துச் சேர்த்த அந்தத் தாள்களை அவர் மேசைமேல் வரிசையாகப் பரப்பியது கண்ணிலேயே நிற்கிறது. நல்ல நேரமும் ராகுகாலமும் அச்சிட்ட தாளில் என் பென்சில் எண்கள். 4, 6, 9, 9, 7. "பாருங்க, ரத்தம் வர்றதுக்கு மூணு நாள் முன்னாடியே ஏறுது. இது பெரிய கட்டி பண்ற வேலை மட்டும் மாதிரி தெரியல" என்றார். உள்வழி ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் எடுத்தோம். அவர் சொன்னது சரியாக இருந்தது. 6.2 செ.மீ. கட்டி சுவரின் வெளிப்பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது; சிறுநீர்ப்பையை அழுத்தியதுதான் அதன் வேலை. கர்ப்பப்பையின் உட்குழிக்குள் நீட்டிக்கொண்டிருந்த 2 செ.மீ. கட்டி ஒன்று முதல் ஸ்கேனில் தப்பியிருந்தது. ரத்தத்தைக் கொட்டவைத்தது அதுதான். வலிக்குக் காரணம் வேறு, அடினோமயோசிஸ். கர்ப்பப்பையின் உள்சவ்வு அதன் தசைச் சுவருக்குள்ளேயே ஊடுருவி வளரும் நோய். உள்சவ்வைப் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்ந்தால் அது எண்டோமெட்ரியோசிஸ். அது சாதாரண ஸ்கேனில் தெரியாமலே போகலாம் என்பதால், ஸ்கேன் நார்மல் என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் வலியை இல்லை என்று சொல்லிவிடக் கூடாது.

பிறகு அரை மணி நேரம் வழிகளைச் சொன்னார். மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயில், கட்டியை மட்டும் எடுக்கும் அறுவை, கட்டிக்கு ரத்தம் போகும் குழாயை அடைக்கும் எம்போலைசேஷன், கடைசியில் கர்ப்பப்பையை எடுப்பது. எம்போலைசேஷனைக் கட்டிக்கான சிகிச்சையாக ரவினா என்ற பிரெஞ்சு மருத்துவரின் குழு 1995-ல் எழுதியது. கட்டியை மட்டும் எடுப்பது அதைவிட மிகப் பழையது. லண்டனில் விக்டர் பானி என்ற அறுவை மருத்துவர் இருந்தார். அவருடைய மனைவிக்கு இந்தக் கட்டிக்காகவே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. கர்ப்பப்பையைக் காப்பாற்றிக் கட்டியை மட்டும் அகற்றும் முறையை அவர் வாழ்நாளெல்லாம் செம்மைப்படுத்தினார். அவர் செய்து காட்டி எத்தனையோ பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அந்த வாய்ப்பைச் சொல்லாமலே இன்னும் நமக்குத் தேதி குறிக்கிறார்கள்.

எடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. என் ஒன்றுவிட்ட அக்கா எல்லாம் யோசித்து எடுத்துக்கொண்டாள், சினைப்பைகளை வைத்துக்கொண்டு. நன்றாக இருக்கிறாள். கேட்டு, புரிந்து, அவளே எடுத்த முடிவு அது. எல்லாருக்கும் அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் நடந்ததைச் சொன்னபோது 2019-ல் நாடே அதிர்ந்தது. மாதவிடாய் நாட்களில் வேலைக்கு வராவிட்டால் கூலி போய், அபராதமும் கட்ட வேண்டும் என்பதால் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். தேவையில்லாமல் கர்ப்பப்பையை அகற்றுவதைத் தடுக்க மத்திய அரசு வகுத்த நெறிமுறைகளை மூன்று மாதத்துக்குள் எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. வழக்கு அந்த அளவுக்குப் போக வேண்டியிருந்திருக்கிறது.

எனக்கு அந்தச் சின்னக் கட்டியை வயிற்றில் தையல் இல்லாமல், கர்ப்பப்பை வாய் வழியாகக் கருவியைச் செலுத்தி எடுத்தார்கள். பயாப்ஸியில் பயப்பட எதுவும் இல்லை. பிறகு ஹார்மோன் காயில் வைத்தார்கள். முதல் நான்கு மாதம் விட்டு விட்டுக் கசிவு இருந்தது, பொறுமை போயிற்று. அதன்பின் குறைந்தது. பெரிய கட்டி இன்னும் இருக்கிறது. வருடத்துக்கொரு முறை ஸ்கேன். வலி முழுசாகப் போகவில்லை, 9 என்றிருந்தது 3-ல் நிற்கிறது. ஹீமோகுளோபின் 11.8. ஊறவைத்த அரிசி இப்போது வெறும் அரிசியாகத்தான் தெரிகிறது.

போன மாதம் பதினொன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை மேசைமேல் தலை கவிழ்த்துக் கிடந்தது. "வயித்து வலி மிஸ்" என்றது. வராந்தாவுக்குக் கூட்டிப் போய், எத்தனை நாள், எத்தனை நாப்கின், வாந்தி வருதா என்று கேட்டேன். மாதம் இரண்டு நாள் அவள் பள்ளிக்கு வராமல் போவது வருகைப் பதிவேட்டில் அப்படியே இருந்தது. அவள் அம்மாவை வரச்சொல்லிப் பேசினேன். அந்த அம்மாவின் கண்ணிமை உள்பக்கம் வெளுத்திருந்தது. இருவரையுமே டாக்டரிடம் அனுப்பினேன்.

நீங்களும் போவதாக இருந்தால் நாட்களைக் குறித்த தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டி எந்தப் பக்கம் இருக்கிறது, என் வலிக்கு அதுதான் காரணமா, எடுக்காமல் என்ன செய்யலாம், எடுத்தால் சினைப்பை இருக்குமா என்று கேளுங்கள். பழைய ரிப்போர்ட் எதையும் வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.