ஸ்குவாட் லிஸ்ட்டும் ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்டும்

2025 ஜூன், ஜூலையில் அமெரிக்காவில் நடந்த கிளப் உலகக் கோப்பையை ராத்திரி கண் முழிச்சுப் பார்த்தவங்க இங்கே நிறைய பேர் இருப்பீங்க. மொத்தம் 32 கிளப். ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது 26 பேர், அதிகபட்சம் 35 பேர் கொண்ட பட்டியலைக் கொடுக்கணும். அதில் மூணு பேராவது கோல்கீப்பராக இருக்கணும். பட்டியல் வெளியானதும் யார் உள்ளே, யார் வெளியே, ஏன் இவனை எடுத்தாங்கன்னு ஒரு வாரம் சண்டை போட்டிருப்பீங்க. நானும் போட்டிருக்கேன்.

ஆனா நான் அவலூர்பேட்டையில் வைத்தியம் பார்க்கிற ஆள். அந்த லிஸ்ட்டைப் பார்க்கும்போது இன்னொண்ணும் தோணும். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு மெடிக்கல் ஃபைல் இருக்கு. குடும்பத்தில் யாராவது சின்ன வயசிலேயே திடீர்னு இறந்தாங்களா, ஓடும்போது மயக்கம் வந்திருக்கா, இ.சி.ஜி. எப்படி, எக்கோ எப்படி. இதெல்லாம் தாண்டித்தான் ஒருத்தர் பெயர் அச்சில் வருது. இந்த த்ரெட் அதைப் பத்தித்தான். கொஞ்சம் நீளம், டீ போட்டுக்கிட்டு வாங்க.

2003 ஜூன் 26. பிரான்ஸின் லியோன் நகரம். கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை அரையிறுதி, கேமரூன் - கொலம்பியா. 72-வது நிமிடத்தில் மார்க்-விவியன் ஃபோ மைதானத்தின் நடுவில், பக்கத்தில் யாருமே இல்லாதப்போ, அப்படியே சாய்ந்தார். வயசு 28. பிழைக்கவில்லை. பிரேதப் பரிசோதனையில் தெரிஞ்சது ஹைபர்ட்ரோபிக் கார்டியோமயோபதி. எளிமையா சொன்னா, இதயத் தசை காரணமே இல்லாமல் தடித்துப்போவது. பல பேருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. நல்லா ஓடுவாங்க, நல்லா சாப்பிடுவாங்க. முதல் அறிகுறியே கடைசி அறிகுறியாக இருக்கலாம்.

அதுக்கு அப்புறம்தான் உலகம் விழித்தது. 2006 உலகக் கோப்பையில் இருந்து போட்டிக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனையை ஃபிஃபா நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

ஃபோ இறந்து சரியா ஒரு மாதம். 2003 ஜூலை 26, ஜகார்த்தா. ஆசியான் கிளப் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். நம்ம கொல்கத்தா ஈஸ்ட் பெங்கால், தாய்லாந்தின் பெக் டெரோ சாசனாவை 3-1 என்று அடித்துக் கோப்பையைத் தூக்கியது. அதே அணியிடம் லீக் சுற்றில் 0-1 என்று தோற்றிருந்தாங்க. பயிற்சியாளர் சுபாஷ் பௌமிக். உடற்பயிற்சிக்குன்னு கெவின் ஜாக்சன்னு தனியா ஒருத்தர், அந்தக் காலத்து இந்திய கிளப்களில் இது பெரிய விஷயம். பாய்ச்சுங் பூட்டியா அந்தத் தொடரில் மட்டும் 9 கோல், அதில் 6 ஒரே ஆட்டத்தில்.

கோப்பையைவிட எனக்கு முக்கியமானது காலிறுதி. எதிரணி இந்தோனேசியாவின் பெர்சிடா. ஒரு மோதலில் தேப்ஜித் கோஷ் நினைவிழந்து விழுந்தார். மூச்சு அடைத்துவிட்டது. அணியோடு போயிருந்த டாக்டர் சாந்தி ரஞ்சன் தாஸ்குப்தா களத்திலேயே முதலுதவி செய்ய, ஆள் பிழைத்தார். "நாக்கை முழுங்கிட்டார்"னு நாம சொல்வோமே, அது தப்பு. நாக்கை யாராலும் முழுங்க முடியாது. நினைவு போனதும் தாடைத் தசை தளர்ந்து, நாக்கின் அடிப்பகுதி பின்னால் விழுந்து மூச்சுக்குழல் வாயிலை மூடிவிடும். தாடையின் இரண்டு கோணத்தையும் பிடித்து முன்னால் தூக்கினால் வழி திறக்கும். இதுக்கு மெஷின் வேண்டாம், மருந்து வேண்டாம், தெரிந்த இரண்டு கை போதும். தயவுசெய்து வாய்க்குள்ளே கரண்டி, சாவியெல்லாம் விடாதீங்க.

ஸ்குவாட் பட்டியலில் டாக்டர் பெயரை யாரும் தேடிப் படிப்பதில்லை. அந்தக் காலிறுதியை ஜெயிச்சுக் கொடுத்ததில் அவருக்கும் பங்கு உண்டுன்னு நான் நினைக்கிறேன்.

அந்த ஜகார்த்தா அணியில் நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் இருந்தார். தஞ்சாவூர் குலோத்துங்கன், நடுக்கள ஆட்டக்காரர். ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் மூணுக்கும் ஆடியவர். கொல்கத்தாவில் அவரைத் தெரியாதவங்க இல்லை. நம்ம ஊரில் தெரிந்தவங்க எத்தனை பேர்? 2018 ஜனவரியில், தஞ்சாவூரில், டூவீலர் விபத்தில் போயிட்டார். வயசு 40. அத்தனை மருத்துவப் பரிசோதனையும் தாண்டின உடம்பு. எனக்கு வர்ற எமர்ஜென்சிகளில் இதயம் ஒரு பங்கு என்றால் ரோடு பல பங்கு. செஞ்சி ரோட்டில், திருவண்ணாமலை ரோட்டில், சேத்துப்பட்டு ரோட்டில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல வண்டி ஓட்டுறவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவைப்படாது.

இப்போ கஷ்டமான கேள்விக்கு வர்றேன். ஒருத்தருக்கு இதயத்தில் பிரச்சினை இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. அவர் பெயரை லிஸ்ட்டில் போடலாமா?

அன்வர் அலி. பஞ்சாப் பையன், டிஃபெண்டர். 2019-ல் மும்பை சிட்டிக்குப் போனப்போ நடந்த பரிசோதனையில், நான் மேலே சொன்ன அதே வகை இதயத் தசை நோய் தெரிய வந்தது. வயசு 19. 2020-ல் இந்திய கால்பந்துக் கூட்டமைப்பு ஆடக் கூடாதுன்னு சொன்னது. பையன் டெல்லி உயர்நீதிமன்றம் போனார். கடைசியில் 2021-ல் அனுமதி கிடைத்தது. எஃப்.சி. கோவா, பிறகு இந்திய அணி. 2023 ஆகஸ்ட்டில் மோகன் பகானுக்காக ஏ.எஃப்.சி. கோப்பைத் தகுதி ஆட்டம், நேபாளத்தின் மச்சிந்திரா அணிக்கு எதிராக. 3-1 என்று ஜெயித்த ஆட்டத்தில் இரண்டு கோல் அன்வர் அலி அடித்தது.

பார்த்தீங்களா, எவ்வளவு நல்ல கதைன்னு சொல்ல எனக்குக் கை வருது, ஆனா மனசு முழுசா வரலை. எங்க படிப்புக் காலத்தில் இந்த நோய் இருந்தா போட்டி விளையாட்டு கிடையாது, அவ்வளவுதான். 2020 ஐரோப்பிய வழிகாட்டுதல், 2024 அமெரிக்க வழிகாட்டுதல் இரண்டும் அதைத் தளர்த்திவிட்டன. எல்லாருக்கும் ஒரே தடை வேண்டாம், ஆபத்து எவ்வளவுன்னு ஆளுக்கு ஆள் அளந்து, ஆட்டக்காரரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கன்னு சொல்லுது. இத்தாலி இன்னும் பழைய கறார்தான். 2021-ல் களத்தில் விழுந்து பிழைத்த கிறிஸ்டியன் எரிக்சனுக்கு நெஞ்சுக்குள்ளே டிஃபிப்ரிலேட்டர் வைத்தாங்க. அதை வைத்துக்கொண்டு இத்தாலி லீக்கில் ஆட முடியாது. இன்டர் மிலானை விட்டார். இங்கிலாந்தில் பிரென்ட்ஃபோர்டு சேர்த்துக்கொண்டது. ஒரே இதயம். ஒரு நாட்டில் லிஸ்ட்டில் இல்லை, இன்னொரு நாட்டில் இருக்கு.

பெரிய ஊர் கதை போதும். என் மேஜைக்கு வர்ற லிஸ்ட் வேற மாதிரி. நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாள், பி.டி. வாத்தியார் கையெழுத்து, பதினாறு பெயர். "சார், எல்லாருக்கும் ஃபிட்னஸ் போட்டுக் கொடுத்துடுங்க, நாளைக்கு மேட்ச்." அதுவும் சந்தை நாளாப் பார்த்து வருவாங்க, ஓ.பி. வாசல் வரைக்கும் நிக்கும்.

அப்படி வந்த ஒரு பொண்ணைப் பத்திச் சொல்றேன். யாருன்னு தெரியக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கேன். பத்தாவது படிக்குது. கால்பந்து செலக்‌ஷனுக்கு இன்னும் பத்து நாள். கூட வந்தவர் அப்பா. பொண்ணை வெளியே உட்கார வெச்சிட்டு மெதுவா கேட்டார்:

"சார், ஆட முடியாதுன்னு எழுதிக் கொடுத்துடுங்களேன்."

ஏன்ப்பான்னு கேட்டேன்.

"நான் சொன்னா கேட்காது சார். டாக்டர் சொன்னா கேட்டுக்கும். கால் கை உடைஞ்சா நாளைக்கு யார் கட்டிப்பா? சென்னை, கோயம்புத்தூர்னு கூப்பிடுவாங்க. யார் கூடப் போறது? எனக்குக் கல்லு வேலை. ஒரு நாள் லீவு போட்டா ஒரு நாள் கூலி போச்சு."

அந்த மனுஷனைத் திட்ட எனக்கு வாய் வரலை. பொய் எழுத மாட்டேன், முதல்ல பொண்ணைப் பார்க்கிறேன்னு மட்டும் சொன்னேன்.

ஸ்டெதஸ்கோப் வெச்சதும் கேட்டது ஒரு மர்மர். லப்-டப்புக்கு நடுவில் காற்று ஊதுற மாதிரி ஒரு சத்தம். அன்னைக்கு எனக்கு ஃபோ ஞாபகம் வந்தது உண்மை. பொண்ணைக் குந்தி உட்காரச் சொன்னேன், எழுந்து நிக்கச் சொன்னேன், மறுபடி கேட்டேன். தசை தடித்த இதயமா இருந்தா எழுந்து நிற்கும்போது அந்தச் சத்தம் கூடும். இதுக்குக் குறைஞ்சது. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தா வெள்ளை வெளேர்னு இருக்கு. ஹீமோகுளோபின் 8.4. ரத்தம் நீர்த்துப்போனா இதயம் வேகமா அடிச்சுத் தள்ளும், அந்த ஓட்டத்தின் சத்தமே மர்மராக் கேட்கும். இருந்தாலும் சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாதுன்னு முண்டியம்பாக்கத்துக்கு எக்கோவுக்கு அனுப்பினேன். எக்கோ நார்மல்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? ஆனா 8.4-ஐ வெச்சுக்கிட்டு தொண்ணூறு நிமிஷம் ஓடுற செலக்‌ஷனுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. "தற்காலிகமாகத் தகுதி இல்லை, சிகிச்சைக்குப் பிறகு ஆறு வாரத்தில் மறுபரிசோதனை"ன்னு எழுதினேன். அப்பா கேட்டு வந்ததும் அதுதான். நான் உண்மையை எழுதினேன், அவருக்கு வேணும்கிறது கிடைச்சுது. பொண்ணு அந்தப் பேப்பரை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நானும் அப்பாவும் பேசி வெச்சு எழுதினோம்னு அது நினைச்சிருக்கும். "தற்காலிகமாக" என்ற வார்த்தையை விரல் வெச்சுக் காட்டினேன். இரும்புச்சத்து மாத்திரை, பூச்சி மாத்திரை, மாத்திரை போட்டதும் டீ குடிக்காதேன்னு அறிவுரை. மாதவிடாயில் எத்தனை நாள் போகுதுன்னு நர்ஸ் அக்கா தனியாக் கூப்பிட்டுக் கேட்டாங்க. எட்டு நாளாம். வீட்டில் யாருக்கும் தெரியாதாம்.

லிஸ்ட் அந்தப் பெயர் இல்லாமலே போச்சு.

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு (2019-21) படி இந்தியாவில் 15 முதல் 19 வயசுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஸ்கூலில் வாரம் ஒரு நீல மாத்திரை கொடுக்கிறாங்களே, அதை வாங்கி ஜன்னல் வழியா எறியற பிள்ளைங்க எத்தனைன்னு எனக்குத் தெரியும், வாத்தியார்களுக்கும் தெரியும். நம்ம பெண்கள் அணியில் திறமை இல்லைன்னு பேசுறோம். பாதிப் பேர் பாதி ரத்தத்தில் ஓடிக்கிட்டு இருக்காங்க.

திறமை இல்லைன்னு சொல்றவங்களுக்கு ஒரு தகவல். 2019 மே 22, லூதியானா. இந்தியப் பெண்கள் லீக் இறுதியில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று ஜெயித்தது மதுரையின் சேது எஃப்.சி. நம்ம பக்கத்து மாவட்டம் கடலூர் இந்துமதி கதிரேசன் ஆடிய அணி. தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர், கொரோனா முதல் அலையில் சென்னைத் தெருவில் டியூட்டி பார்த்தவர். சேது அணி அடுத்து ஆசிய அளவில் ஆடியிருக்கணும். அந்த வருஷம்தான் ஆசியப் பெண்கள் கிளப் போட்டியை முதல்முறையா வெள்ளோட்டம் பார்த்தாங்க. ஜப்பான், கொரியா, சீனா, ஆஸ்திரேலியான்னு நாலே கிளப். இந்தியாவுக்கு இடமே இல்லை. சாம்பியன் அணி இருந்தது, பெயர் எழுத லிஸ்ட் இல்லை. அடுத்த லீக்கை ஜெயித்த கோகுலம் கேரளாவுக்குக் கதவு திறந்து, 2021 நவம்பரில் ஜோர்டானில் ஆடினாங்க. இரண்டு தோல்வி, கடைசியில் உஸ்பெகிஸ்தானின் புன்யோத்கோரை 3-1. அதில் மனிஷா கல்யாண் அடித்தது, அந்தப் போட்டியில் ஒரு இந்தியப் பெண் அடித்த முதல் கோல்.

அடுத்த வருஷம் இதைவிடக் கொடுமை. 2022 ஆகஸ்ட்டில் கோகுலம் பெண்கள் தாஷ்கண்ட் போய் இறங்கிட்டாங்க. லிஸ்ட் பதிவாகியாச்சு, மெடிக்கல் எல்லாம் பாஸ். அந்த நேரத்தில் இந்தியக் கூட்டமைப்பை ஃபிஃபா தடை செய்தது. நிர்வாகச் சண்டைக்குத் தண்டனை ஹோட்டல் ரூமில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு. தடை ஆகஸ்ட் 26-ல் நீங்கினப்போ போட்டி அவங்க இல்லாமலே தொடங்கியிருந்தது.

ஆறு வாரம் கழிச்சு அந்தப் பொண்ணு வந்தது. பாட்டியோட. ஹீமோகுளோபின் 11.1. மர்மர் சுத்தமாக் காணோம். "இப்போ எழுதுவீங்களா சார்?" எழுதினேன். தேதி போட்டு, சீல் வெச்சு. அடுத்த செலக்‌ஷன் எப்போன்னு அதுக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை. அப்பா அனுப்புவாரான்னு பாட்டியைக் கேட்டேன். "அவன் கெடக்கான்"னு சொல்லிட்டு வெத்தலைப் பையை எடுத்தது.

பி.டி. வாத்தியார்களே, டீம் மேனேஜர் அண்ணன்களே, உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். மேட்ச்சுக்கு முதல் நாள் வராதீங்க. இரண்டு மாசம் முன்னாடி லிஸ்ட்டைக் கொண்டு வாங்க. நீங்களே பிள்ளைகளைக் கேட்டு வையுங்க: ஓடும்போது மயக்கம் போட்டிருக்கா, நெஞ்சு வலிக்குதா, வீட்டில் ஐம்பது வயசுக்குள்ளே யாராவது திடீர்னு இறந்திருக்காங்களா. ஒண்ணுக்கு "ஆமா"ன்னு வந்தாலும் இ.சி.ஜி. எடுக்காமல் களத்தில் இறக்காதீங்க. யாராவது மோதாமலே விழுந்து, மூச்சு சரியா வரலைன்னா தண்ணி தெளிச்சு நேரம் போக்காமல் 108-க்கு ஒருத்தர் போன் பண்ணட்டும், இன்னொருத்தர் நெஞ்சு நடுவில் நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமுக்க ஆரம்பிக்கட்டும். எப்படின்னு தெரியலைன்னா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிரவுண்டுக்கே வர்றேன். பொம்மை என்கிட்ட இருக்கு.