வாப்பாவின் 200 காலடிகள்

சென்னை மண்ணடியில் 40 ஆண்டுகள் வாழ்ந்த வாப்பாவை, உம்மா வஃபாத்தான பின், பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய எங்கள் அடுக்ககத்திற்கு அழைத்து வந்தேன். லிஃப்ட், காற்றோட்டம், வாயிலில் காவலர். பெற்றோருக்கான கடமையை நிறைவேற்றிவிட்டதாகவே எண்ணினேன்.

மண்ணடி வீடு இரண்டாம் மாடியில் இருந்தது. செங்குத்தான படிகள், நடைபாதை இல்லாத தெரு, சரக்கு வண்டிகளுக்கிடையே ஒதுங்கித்தான் நடக்க வேண்டும். ஆயினும் வாசலிலிருந்து பள்ளிவாசலுக்கு ஏறத்தாழ 200 காலடிகள்தாம். ஐந்து வேளையும் நடந்தார். அஸருக்குப் பின் இரும்புக்கடைப் படியில் அமர்வார். கேட்காமலே தேநீர் வரும். உம்மா ஊருக்குச் சென்றிருந்த ஒருநாள், பஜ்ருக்கு அவரைக் காணவில்லை. தொழுகை முடிந்ததும், ஸஃப்பில் வழக்கமாக அருகில் நிற்கும் இருவர் வந்து கதவைத் தட்டினர். எதிர்வீட்டு மார்வாடி அம்மையாரிடம் எப்போதும் ஒரு சாவி இருக்கும். திறந்து பார்த்தால், சர்க்கரை தாழ்ந்து எழ இயலாமல் கிடந்திருக்கிறார். அல்லாஹ் காப்பாற்றினான்.

புதிய இடத்தில் பள்ளிவாசல் இரண்டு கிலோமீட்டர் தொலைவில், ஆறு வழிச் சாலைக்கு அப்பால் இருந்தது. ஜும்ஆவுக்கு மட்டும் காரில் அழைத்துச் செல்வேன். பனூ ஸலிமா குலத்தார் மஸ்ஜிதுந் நபவிக்கு அருகில் குடியேற விரும்பியபோது, இருந்த இடத்திலேயே இருக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதையும், அவர்களது காலடிகள் பதிவாகின்றன என்று உணர்த்தியதையும் ஆறுதலாக நினைவூட்டினேன். “நடந்து போறவங்களுக்குத்தானே அது?” என்றார் வாப்பா. மறுமொழி என்னிடம் இல்லை.

பேச்சு குறைந்தது. முழங்கால் தளர்ந்தது. ஒரு மாலை உலாவச் சென்றவர், ஒரே தோற்றமுடைய கட்டடங்களுக்கிடையே வழி தவறி நின்றார். ஓராண்டுக்கும் மேலாக வாயிலில் இருந்த காவலருக்கு அவர் எந்த வீட்டவர் என்று தெரியவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 33 நகரங்களின் முதியோரிடமே கேட்டறிந்து, 2007இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. சாலையோர இருக்கை, கழிப்பறை, மெதுவாக நடப்பவர் கடப்பதற்குப் போதுமான நேரம் தரும் சிக்னல் என அதில் பேசப்படுபவை பெரும்பாலும் இத்தகைய சிறிய தேவைகளே. இரும்புக்கடைப் படியின் மதிப்பு எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சென்ற ஆண்டு மண்ணடியிலேயே தரைத்தளத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தோம். இரவில் நாங்கள் மூவரும் முறை வைத்துத் தங்குகிறோம்; என் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இது எளிதன்று. உளூச் செய்யுமிடத்தில் கைப்பிடி கேட்டோம், பள்ளி நிர்வாகத்தார் பொருத்தித் தந்தனர். கழிப்பறைப் படி இன்னும் உயரமாகவே உள்ளது. மீண்டும் கேட்க வேண்டும்.

வாசலை அடைத்துச் சரக்கு வண்டியை நிறுத்துகிறார்கள் என்று வாப்பா நாள்தோறும் முறையிடுகிறார். அந்த ஓட்டுநரின் பெயர், ஊர், பிள்ளைகள் எத்தனை பேர் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது.