பிடிப்பும் அழுத்தமும்

ஒரு கருவி பழுதுறும்போது கண்ணுக்குத் தெரியும் உறுப்பின்மீதே பழியைச் சுமத்துவது மனித இயல்பு. மறைந்திருக்கும் உறுப்பு விசாரணையின்றித் தப்பிவிடுகின்றது. மூலைமுடுக்குகளைத் தேய்க்க உதவும் சிறிய முக்கோண மின்தேய்ப்பானும், அதன் அடியிலிருந்து ஓயாது கழன்றுவிழும் அரத்தாளும் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

நாற்காலியின் காலும் சட்டமும் சேருமிடம், யன்னற் சட்டத்தின் உள்மூலை ஆகியவற்றை வட்டவடிவத் தேய்ப்பான் எட்டுவதில்லை. விரல்நுனியில் மண்கடதாசியைச் சுற்றித் தேய்ப்பதே நெடுங்காலம் வழியாக இருந்தது. 1967இல் ஜேர்மனியின் ஃபைன் நிறுவனம், முறிந்த எலும்புக்கு இட்ட பரிஸ் சாந்துக் கட்டினை அறுப்பதற்கு அலைவுறும் வாளொன்றை ஆக்கியது. அதன் அலகு முழுமையாகச் சுழலாது சில பாகையளவே இருபுறமும் அசைவதால் கட்டு அறுபடும், தோல் தப்பும். அவ்வசைவே 1980களில் முக்கோணத் தேய்ப்பானாக மரவேலைக்கு வந்தது.

இத்தகைய பொறியின் அடித்தட்டிலே நுண்ணிய கொக்கிகளும் தாளின் முதுகிலே மெல்லிய இழை வளையங்களும் உள்ளன. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் ஜோர்ஜ் டி மெஸ்ட்ரால் 1941இல் தமது ஆடையிலும் நாயின் உரோமத்திலும் ஒட்டிய காய்களை நுணுக்குக்காட்டியின்கீழ் நோக்கிக் கண்டறிந்த தத்துவம் இது. வேட்டிக்கரையில் ஒட்டிய நாயுருவியைப் பிடுங்கியெறிந்தோர்க்கு இதன் வலிமையை விளக்கவேண்டியதில்லை.

அவ்வலிமையைக் குலைப்பது வெப்பம். தேய்ப்பு விரைவாக நிகழவேண்டுமென்று கை அழுத்த அழுத்த, உராய்வு மிகுகின்றது. உராய்வினால் வெப்பம் மிகுகின்றது. பெரும்பாலும் நைலோன் போன்ற பொருள்களாலான கொக்கிகள் உருகுமுன்னரே இளகி, வளைந்து, மழுங்கிவிடுகின்றன. அச்சிலிருந்து தொலைவிலுள்ள நுனியே மிகுதூரம் அலைவதாலும், மூலைகளைத் தேய்ப்போர் நுனியை மட்டுமே ஊன்றுவதாலும் அழிவு அங்கேயே தொடங்குகின்றது. தாள் நுனியில் மடங்கிப் பின்னர் முழுதும் பறக்கின்றது. தாள் போனதை அறியாத கணத்தில் வெற்றுத்தட்டு மரத்தைக் கீறிவிடும். அந்தக் கீறலை நீக்குவதற்கு முன்செய்த வேலை முழுவதையும் மீளச் செய்யவேண்டியதாகும்.

குற்றம் எதனுடையது என்பதை எளிதில் அறியலாம். புதிய தாள் உறுதியாகப் பற்றிப் பழைய தாள் மட்டும் விழுமாயின், பலமுறை கழற்றி மாட்டியதால் அதன் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்பது பொருள். புதிய தாளும் நுனியில் நில்லாதாயின், பழுது அடித்தட்டினது. அதனை உணராதோர் தாளுக்குமேல் தாள் வாங்கிப் பணத்தை இழக்கின்றனர். சிலர் பசை தடவி ஒட்டுகின்றனர். அன்றைய வேலை முடியலாம். ஆயின் பசை கொக்கிகளை மூடிவிடுவதால் எஞ்சிய பிடிப்பும் அழிகின்றது. வெப்பத்தினால் இளகும் குறை பசைக்கும் உண்டு.

தட்டைக் காப்பதற்கான வழிகள் எளியவை. தாள் மாற்றுந்தோறும் கொக்கிகளுக்கிடையிலுள்ள தூசியைத் தூரிகையால் அகற்றுதல் வேண்டும். தாளின் துளைகளைத் தட்டின் துளைகளோடு பொருத்தினால் தூசி உறிஞ்சப்பட்டு வெப்பமும் குறையும். ஒரு நுனி தேய்ந்ததும் தாளை மூன்றிலொரு பங்கு திருப்பினால் புதிய நுனி கிடைக்கும். மழுங்கிய தாளைத் தொடர்ந்து பயன்படுத்துதல் சிக்கனமன்று. அது வெட்டாதபோதுதான் கை மேலும் அழுத்துகின்றது. தட்டுக்கும் தாளுக்கும் இடையே மெல்லிய இடைத்தட்டொன்றை இட்டால், தேய்வது மலிவான அதுவேயாகும். கொக்கிகள் முற்றாக மழுங்கியபின் தட்டையே மாற்றவேண்டும்.

இவை அனைத்திலும் தலையாயது, பொறியின் எடையையே போதிய அழுத்தமாகக் கொள்ளுதல். கையின் பணி பொறியை வழிநடத்துவதேயன்றி அமுக்குவதன்று. மெதுவாக நகர்த்தி, இடையிடையே ஆறவிடுபவனின் வேலை தாமதமாவதுபோலத் தோன்றும். எனினும் அவனது தாள் கழல்வதில்லை. அவன் ஒருமுறை தேய்த்த மூலையை மறுமுறை தேய்க்கவேண்டியதுமில்லை.