கிணற்றில் கண்ட வானவில்

வானவில்லைக் கண்டு மகிழாத உள்ளம் உண்டோ? சிறு வயதில் எங்கள் இராஜபாளையத்துச் சஞ்சீவி மலைக்கு மேலே வானவில் தோன்றிவிட்டால், தெருப் பிள்ளைகள் எல்லோரும் கூச்சலிட்டுக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுவோம். ஆனால் சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒருநாள் காலை நான் கண்ட வானவில் என்னை நடுங்க வைத்துவிட்டது. அது வானத்தில் தோன்றவில்லை. ஒரு கிணற்றுக்குள் தோன்றியது. அதைத் தோற்றுவித்தவன் நானேதான்.

கல்லூரி மலருக்கு ஏதேனும் எழுதித் தரும்படி எங்கள் தமிழ்ப் பேராசிரியர் கேட்டபோது, கதையோ கவிதையோ எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். எழுத உட்கார்ந்தால் அந்தக் கிணறே கண்முன் வந்து நின்றது. எனவே நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

என் தந்தையார் ஒரு நூற்பாலையில் பிட்டராகப் பணியாற்றுகிறார். தன் வண்டிக்குத் தானே ஆயில் மாற்றத் தெரியாதவன் வண்டி ஓட்டக் கூடாது என்பது அவருடைய கொள்கை. நான் பள்ளியில் படித்த காலத்திலேயே என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, என்ஜினைச் சற்றுச் சூடாக்குவது, அடியில் தட்டு வைப்பது, போல்ட்டைக் கழற்றுவது என ஒவ்வொன்றாகக் கற்றுக் கொடுத்தார். கறுத்துப்போன பழைய எண்ணெயை ஒரு டப்பாவில் ஊற்றி மூடி எடுத்துப் போவார். எங்கே எடுத்துப் போகிறார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இக்கட்டுரைக்கே இடமிருந்திராது!

கல்லூரியில் சேர்ந்ததும் வண்டி என் கைக்கு வந்தது. இராஜபாளையத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி ஓர் அடி மண் கிடையாது. எங்கும் சிமெண்டுத் தரை. திருவில்லிபுத்தூரில் அம்மாச்சி வீட்டிலோ விசாலமான கொல்லை உண்டு, வேப்ப மரம் உண்டு, கிணறும் உண்டு. அரைமணி நேரப் பயணந்தான். எனவே ஆயில் மாற்ற வேண்டிய ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியை அங்கே கொண்டுபோய் விடுவேன். வேப்ப மரத்தடியில் ஒரு குழி தோண்டி, பழைய எண்ணெயை அதில் ஊற்றி, மேலே மண்ணைத் தள்ளிவிடுவேன். மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்கே போகட்டும் என்று ஒரு தத்துவமும் பேசிக்கொள்வேன். ஒன்றரை ஆண்டில் ஆறு முறை அந்தக் குழியில் ஊற்றினேன். ஏறத்தாழ ஐந்து லிட்டர் இருக்கும். குழிக்கும் கிணற்றுக்கும் இடையே பதினைந்து அடிதான்.

திருவில்லிபுத்தூர் என்றதும் ஆண்டாள் கோயில் கோபுரமும் பால்கோவாவுமே எவர்க்கும் நினைவுக்கு வரும். பால்கோவாவுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அந்தப் பெருமைக்குப் பின்னே, விடியுமுன் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் கைகள் எத்தனையோ இருக்கின்றன. அம்மாச்சி வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருக்கும் பெரியம்மாவின் கைகளும் அவற்றுள் அடங்கும். சொந்தமில்லை, பழக்கத்தால் பெரியம்மா. இரண்டு கறவை மாடுகள்தாம் அவருடைய சொத்து. காலையும் மாலையும் கறக்கும் பால் ஒரு பால்கோவா அடுப்புக்குப் போகும். மாடுகளுக்கு வேண்டிய தண்ணீரை நாற்பது ஆண்டுகளாக எங்கள் கிணற்றில்தான் இறைத்து வந்தார்.

அந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. என் குழி நிரம்பி வழிந்தது. கைப்பிடிச் சுவரின் அடியில் ஒரு கல் பெயர்ந்திருந்த இடத்தின் வழியே அந்த நீர் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. மாலை இருட்டில் பெரியம்மா அந்தத் தண்ணீரிலேயே பால் தூக்கைக் கழுவிப் பாலைக் கறந்து அனுப்பினார். மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறதென்று பால் திரும்பி வந்தது. மறுநாள் காலை வாளியில் வாயை வைத்த வேகத்தில் மாடு தலையைத் திருப்பிக்கொண்டது. தற்செயலாக அன்று நான் அங்கே இருந்தேன். கிணற்றை எட்டிப் பார்த்தேன். நீரின் மேலே நீலமும் ஊதாவும் மஞ்சளுமாய் ஒரு மெல்லிய ஏடு மிதந்துகொண்டிருந்தது.

தெருவில் கூட்டம் கூடியது. முனையில் ஒரு லாரிப் பட்டறை இருக்கிறது. “வேறு யார்? இவன் பட்டறை எண்ணெய்தான் மழைத் தண்ணியோடு வந்திருக்கு” என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் அங்கே திரண்டு போனார்கள். நானும் போனேன். பட்டறை அண்ணன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பின்புறம் அழைத்துப் போய், தகரக் கொட்டகைக்குள் சிமெண்டு மேடை மீது நின்ற இருநூறு லிட்டர் பீப்பாயைக் காட்டினார். “இதுல ஒரு சொட்டுக்கூட கீழே போகாதுங்க. வாங்கிட்டுப் போக ஆள் வராங்க. இது காசு! காசை யாராச்சும் மண்ணுல ஊத்துவாங்களா?” என்றார். யாரும் நம்பவில்லை. வயதில் மூத்தவர்கள் அவரை வாய்க்கு வந்தபடி பேசினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் ஆண்டு வேதியியல் படிக்கும் நான், படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர் என் பழியைச் சுமந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றிரவு வீடு திரும்பியதும் செய்தியைத் தந்தையாரிடம் சொன்னேன். என் பங்கை மட்டும் சொல்லவில்லை. அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார். “நீ பழைய ஆயிலை எங்கே ஊத்துறே?” நான் பதில் சொல்லவில்லை. அவர் மறு சோறு வாங்காமல் எழுந்துவிட்டார்.

மறுநாள் விடியற்காலையில் இருவரும் திருவில்லிபுத்தூர் போனோம். பட்டறை அண்ணனிடம் முதலில் சொன்னேன். அதன் பிறகு தெருவில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். பெரியம்மா சற்று நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீ சொல்லாம இருந்திருந்தா அந்தப் பிள்ளைமேலயே பழி நின்னிருக்கும். சரி, கிணத்துக்கு ஒரு வழி பண்ணு” என்றார். வைதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தந்தையார் ஒரு மூட்டை கழிவுப் பஞ்சு கொண்டு வந்திருந்தார். அதைச் சிறு சிறு பொதிகளாகக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினோம். பஞ்சு மிதந்தபடியே எண்ணெயைக் குடித்தது! எனக்கு வியப்பாக இருந்தது. பிறகுதான் வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது. வெளுக்காத பஞ்சின் இழைமேல் இயற்கையான மெழுகுப் பூச்சு உண்டு. அது நீரை விலக்கும், எண்ணெயை ஏற்கும். சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்வதை நாம் அறிவோம். அத்தகைய துணியைக் காரத்தில் வேகவைத்து அந்த மெழுகை நீக்கிவிடுவதால்தான் அது நீரையும் குருதியையும் உறிஞ்சுகிறது. அதைக் கிணற்றில் போட்டிருந்தால் நீரைக் குடித்து மூழ்கிப் போயிருக்கும். புத்தகத்தில் நான் மதிப்பெண்ணுக்காகப் படித்ததை என் தந்தையார் ஆலையில் கண்ணால் கண்டு அறிந்திருந்தார்.

ஏடு நீங்கிய பின் கிணற்றை மூன்று முறை இறைத்தோம். குழியில் கறுத்திருந்த மண்ணையெல்லாம் வெட்டிச் சாக்குகளில் கட்டினோம்.

இதற்குப் பிறகுதான் அந்தக் கறுப்பு எண்ணெயைப் பற்றி நூலகத்தில் தேடிப் படித்தேன். என்ஜினுக்குள் ஓடும்போது எண்ணெய் தேய்ந்துபோவதில்லை, அழுக்காகிறது. உலோகப் பகுதிகள் உராய்ந்து உதிரும் இரும்பு, செம்பு முதலிய துகள்களும், எரிபொருளின் கரியும், அரைகுறையாக எரிந்த நச்சுச் சேர்மங்களும் அதில் கலக்கின்றன. ஒரு வண்டிக்கு ஒரு முறை மாற்றும் எண்ணெய் 10 லட்சம் கேலன், அதாவது ஏறத்தாழ 38 லட்சம் லிட்டர் நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் கூறுகிறது. நான் ஊற்றியதோ ஆறு முறை!

ஆலை நகரத்துப் பிள்ளையான என்னை உலுக்கிய செய்தி இன்னொன்று உண்டு. இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் ‘மியூல்’ என்னும் பழைய நூற்பு இயந்திரத்தில் வேலை செய்த தொழிலாளர்களுக்குத் தோலில் புற்றுநோய் கண்டது. கதிர்களுக்கு விட்ட கனிம எண்ணெய் அவர்கள் உடையில் தெறித்து, நாள்தோறும் தோலில் ஊறியதே அதற்குக் காரணம். 1922ஆம் ஆண்டில் மான்செஸ்டர் மருத்துவர்கள் இதை விரிவாக எழுதினார்கள். அதற்கெனத் தனி விதிகள் பிறந்ததோ 1953ஆம் ஆண்டில்! நாமோ கறுத்த எண்ணெயைக் கரையானுக்கென்று மரத்தில் பூசுகிறோம். கொசுவுக்கென்று சாக்கடையில் ஊற்றுகிறோம். நம் ஊர்ப் பெயரையே தாங்கி நிற்கும் வெள்ளை நாய்க்குச் சொறி வந்தால் மருந்தென்று தடவிவிடுவாரும் உண்டு. நாய் தன் உடம்பை நக்கும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்த எண்ணெய்க்கு வேறு கதி உண்டு. அழுக்கை நீக்கி, வெற்றிடத்தில் காய்ச்சி வடித்தால், அது மீண்டும் மசகு எண்ணெயாகப் பிறக்கும். 159 லிட்டர் கச்சா எண்ணெயிலிருந்து ஏறத்தாழ இரண்டரை லிட்டர் மசகு எண்ணெய் கிடைக்கிறதாம். அதே அளவு, நாலே லிட்டர் பழைய எண்ணெயிலிருந்து கிடைத்துவிடுகிறது. பட்டறை அண்ணன் காசு என்று சொன்னது எவ்வளவு உண்மை! நம் நாட்டில் 1989ஆம் ஆண்டிலேயே அபாயக் கழிவுகளுக்கென விதிகள் வந்தன. 2016ஆம் ஆண்டின் விதிகளும் பழைய எண்ணெயை அவ்வகையிலேயே சேர்த்துள்ளன. 2023இல் செய்யப்பட்ட திருத்தப்படி, விற்ற எண்ணெயில் ஒரு பங்கு மறுசுழற்சிக்குத் திரும்புவதற்கு உற்பத்தியாளரே பொறுப்பு; இது 2024 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்தது. விதி இருந்து என்ன பயன்? என் கொல்லையில் நான் குழி தோண்டியபோது எந்த விதி வந்து கையைப் பிடித்தது?

நண்பர்களே! நம் கல்லூரியில் வண்டி வைத்திருப்போர் பலர். வீட்டிலேயே ஆயில் மாற்றுவோரும் உண்டு. அவர்களுக்காகச் சில சொற்கள். தரையில் பழைய தாளோ மரத்தூளோ பரப்பி, அகலமான தட்டில் எண்ணெயை வடியுங்கள். புது எண்ணெய் வந்த டப்பாவிலேயே புனல் வைத்து ஊற்றி, மூடியை இறுக்குங்கள். அதில் பெட்ரோலோ, மண்ணெண்ணெயோ, பிரேக் ஆயிலோ, தண்ணீரோ கலக்காதீர்கள். கலந்தால் அதை மீண்டும் சுத்திகரிப்பது கடினம். பில்டரை ஓர் இரவு கவிழ்த்து வைத்து வடியவிடுங்கள். கையைச் சோப்பால் கழுவுங்கள். எண்ணெய்த் துணியை மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். பிறகு பீப்பாய் வைத்திருக்கும் பட்டறையில் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்தப் பீப்பாய் எங்கே போகிறது என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். செங்கல் சூளைக்குப் போனால் மண்ணில் விழாத நஞ்சு காற்றில் ஏறும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்குப் போவதே முறை. பட்டறை அண்ணனிடம் இதைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே ரசீதுக் கட்டைக் காட்டினார். என் தந்தையாரும் இத்தனை ஆண்டுகளாக இப்படி ஒரு பட்டறைக்குத்தான் டப்பாவை எடுத்துப் போயிருக்கிறார். கேட்டால் சொல்லியிருப்பார்.

வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். வானம் தருவதை வாங்கி வைக்கும் கலமே கிணறும் கண்மாயும். கலத்தைக் கெடுத்துவிட்டு மழை வேண்டிப் பயன் என்ன?

கிணற்று நீர் இப்போது தெளிவாகத்தான் இருக்கிறது. இருந்தும் பெரியம்மா இன்றுவரை அதை மாடுகளுக்குக் காட்டவில்லை. கண்ணுக்குத் தெளிவு என்பதாலேயே நீர் தூய்மை என்று நானும் சொல்லத் துணியவில்லை. நாள்தோறும் தெருக்குழாயிலிருந்துதான் சுமக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அந்த வேலை என்னுடையது. இரண்டு மாட்டுக்கும் சேர்த்துப் பதினான்கு குடம். குடத்தைத் தொட்டியில் சாய்க்கும்போது, மாடு முகத்தைத் திருப்பாமல் குடிக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் நின்று பார்த்துவிட்டே அடுத்த குடத்துக்குப் போகிறேன்.