ஜெனரேட்டரும் ஆயாவோட தீப்பெட்டியும்

எங்க ஊர் திருவதிகை. மூணு கோட்டையைச் சிரிச்சே எரிச்ச சாமி இருக்கிற ஊர். நான் சிரிக்காமலே எங்க வீட்டை எரிக்கப் பார்த்த கதை இது.

2011 டிசம்பர் 30, தானே புயல். எங்க பக்கம் யாரும் மறக்க மாட்டாங்க. பண்ருட்டி சுத்துவட்டாரத்துல முந்திரி, பலா எல்லாம் வேரோட படுத்துடுச்சு. நெய்வேலி பக்கத்துலதான், ஊர் ஊருக்கு கரண்டு அனுப்புற இடம். ஆனா கம்பமே சாஞ்சு கிடந்தா கரண்டு எது வழியா வரும்? பல நாள் இருட்டு. அப்ப எனக்கு ஆறு வயசு. அதுக்கப்புறம்தான் அப்பா செகண்ட் ஹேண்ட்ல ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கினார். வருஷத்துல பத்து நாள் வேலை, மத்த நாளெல்லாம் சாமி மாடத்துக்குப் பின்னாடி ரூம்ல கோணியைப் போத்திக்கிட்டு தூக்கம். கூடவே மருந்தடிக்கிற மெஷின், மரம் அறுக்கிற மெஷின், பிளாஸ்டிக் கேன்ல அஞ்சு லிட்டர் பெட்ரோல்.

போன ஐப்பசியில மழை வருதுன்னு எடுத்தா, செல்ஃப் ஸ்டார்ட் 'டிக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். லெட் ஆசிட் பேட்டரி சும்மா வெச்சிருந்தாலே சார்ஜ் இறங்கும். அப்படியே விட்டா தகட்டுல சல்பேட் இறுகிடும். இதெல்லாம் பரீட்சையில எழுதி மார்க்கே வாங்கியிருக்கேன் :) இருந்தும் ஒரு பழைய சார்ஜரை இரவல் வாங்கி (நிறைஞ்சதும் தானா நிக்காத ரகம்) ராத்திரி மாட்டிட்டு, சாரல் அடிக்குதுன்னு ஜன்னலையும் சாத்திட்டுத் தூங்கிட்டேன்.

விடியக்காலை விளக்கேத்தப் போன ஆயா, தீப்பெட்டியைக் கையில வெச்சுக்கிட்டே கூப்பிட்டாங்க. "டேய், முட்டை அழுகின நாத்தம் வருது. எலி கிலி செத்துக் கெடக்கா பாரு."

எலி இல்ல. பேட்டரி ரெண்டு பக்கமும் உப்பி, பக்கத்துல போனாலே அனல். அளவுக்கு மீறி சார்ஜ் ஏறினா வர்ற ஹைட்ரஜன் சல்பைடு நாத்தம் அது. அதைவிட மோசம், நாத்தமே இல்லாம கூட வர்ற ஹைட்ரஜன். காத்துல 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். பெட்ரோல் கேன் வேற அங்கேயே. பெட்ரோல் ஆவி காத்தைவிட கனம், தரையோட தவழ்ந்து போய் தீயைப் பிடிக்கும். கிளிப்பைப் பிடுங்கினா அங்கேயே பொறி வரும்னு அப்பாதான் வாசல்ல இருந்த மெயினை அணைச்சார். ஜன்னலைத் திறந்து விட்டுட்டு, எல்லாரும் தெருவுல போய் நின்னோம். என்னை அவர் ஒரு வார்த்தை திட்டல. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

இப்ப எல்லாம் தோட்டத்துக் கொட்டகைக்குப் போயாச்சு. 1934 பெட்ரோலியம் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம 30 லிட்டர் வரை வெச்சுக்கலாம், ஆனா இறுக்கி மூடின உலோகக் கேன்ல. அந்தச் சட்டத்துல பிளாஸ்டிக் கேனுக்கு இடமே இல்ல! மழை முடிஞ்சதும் டேங்கைக் காலி பண்ணி, இன்ஜின் தானா நிக்கிற வரைக்கும் ஓட்டிடறோம். இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல எத்தனால் 20 சதவீதம். அது ஈரத்தை இழுக்கும், கிடந்தா கார்புரேட்டர் அடைச்சுக்கும். புது பேட்டரியில முதல்ல நெகட்டிவ் ஒயரைத்தான் கழட்டறேன். மாசம் ஒரு தடவை மீட்டர் வெச்சுப் பார்க்கறேன், 12.4 வோல்டுக்குக் கீழ போனா பகல்லயே, வெளியில வெச்சு சார்ஜ்.

ஆயா மட்டும் இன்னும் மாடத்துக்கு முன்னாடி நின்னு ரெண்டு தடவை மூக்கை உறிஞ்சிட்டுதான் தீக்குச்சியை உரசறாங்க. பேட்டரி இப்ப வீட்டுக்குள்ளயே இல்லன்னு சொன்னாலும் கேக்கறதில்ல.