சாவிக்கொத்து

பெரிய மனிதர் ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால், என் வயதுக்காரர்கள் கேட்பது ஒன்றுதான்: கடைசியில் எப்படி இறங்கினார்? ஏறின கதையைத்தான் எல்லாரும் எழுதிவைத்திருப்பார்களே. வால்டர் லினியைப் பற்றியும் என் மனசு அங்கேயே போய் நிற்கிறது.

பசிபிக் கடலில் பெந்தெகொஸ்தே என்ற தீவில் 1942இல் பிறந்தவர். சாலமன் தீவுகளிலும் நியூசிலாந்திலும் இறையியல் படித்து ஆங்கிலிக்கன் பாதிரியார் ஆனார். அந்தத் தீவு இருக்கும் இன்றைய வனுவாட்டுக்கு அன்று பெயர் நியூ ஹெப்ரிடீஸ். 1906 முதல் பிரிட்டனும் பிரான்சும் கூட்டாக ஆண்டன. இரண்டு போலீஸ், இரண்டு சிறை, இரண்டு விதப் பள்ளிக்கூடம். வாலிபத்தில் இதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். அந்த மண்ணின் மக்களோ இரண்டில் எந்த நாட்டுக்கும் குடிமக்கள் இல்லை. அது உறைக்க எனக்குத் தலை நரைக்க வேண்டியிருந்தது.

லினிக்கு இளமையிலேயே உறைத்திருந்தது. 1971இல் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய சங்கம் கட்சியாகி, பிறகு வனுவாக்கு கட்சி என்று பெயர் பெற்றது. வெளியார் கைக்குப் போன நிலம் திரும்ப வேண்டும் என்பதே அவர்கள் பேச்சு. 1980 ஜூலை 30 அன்று விடுதலை; பாதிரியாரே முதல் பிரதமர். சாந்தோ தீவில் கிளம்பிய பிரிவினைக் கலகத்தை அடக்க, பப்புவா நியூ கினி படையை வரவழைத்தார். அணு ஆயுதக் கப்பல்களுக்குத் துறைமுகத்தில் இடமில்லை என்று வல்லரசுகளிடமே சொன்னார். அந்தக் குட்டி நாட்டுக்கு அது லேசான துணிச்சல் இல்லை.

1987இல் வாஷிங்டன் போன இடத்தில் பக்கவாதம் வந்தது. அதோடு பொறுப்பை யாரிடமாவது கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. கூட இருந்தவர்களோடு பிணக்கு, நீக்கம், மறுபடி பிணக்கு. 1991இல் அவர் வளர்த்த கட்சியே அவரைத் தலைமையிலிருந்து இறக்கியது. பிரதமர் பதவியும் போயிற்று. புதுக்கட்சி தொடங்கி, அத்தனை வருஷம் எதிர்த்த பிரெஞ்சு சார்புக்காரர்களோடு கூட்டு வைத்தார்.

அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. பீரோ சாவிக்கொத்தை மருமகளிடம் கொடுக்கவே நான் என்ன பாடுபட்டேன்! ஒரு நாட்டை விட்டுக்கொடுப்பது சும்மாவா? ஆனாலும் நாலு வருஷம் முன்னால் இறங்கியிருந்தால், பழைய தோழர்களாவது மிஞ்சியிருப்பார்கள்.

1999 பிப்ரவரியில் காலமானார். நிலமெல்லாம் மண்ணின் மரபுவழி உரிமையாளர்களுக்கும் அவர்கள் சந்ததிக்குமே சொந்தம் என்று விடுதலையின்போது எழுதிய விதி, அந்த நாட்டு அரசியல் சட்டத்தில் இன்றும் இருக்கிறது.