"பொப்" என்ற சத்தம்



பெருநாள் நெருங்குவதால் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பிள்ளைகள் உள்ள வீட்டார் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

சில வருடங்களுக்கு முன், நோன்புப் பெருநாள் இரவு. இஷா தொழுதுவிட்டு வீட்டுக்கு வர, என் மாணவன் ஒருவனின் உம்மா கோல் எடுத்தார். "சேர், மகனுக்கு நெருப்புப் பட்டிருச்சி. பலூனுக்கு ஏதோ காஸ் அடிச்சானாம். சேர்தான் படிச்சித் தந்த எண்டு சொல்றான்."

படித்துக் கொடுத்தது நான்தான். அந்தத் தவணையில் ஐதரசன் பாடம். நாகத் துண்டுகளில் ஐதான அமிலத்தை ஊற்றி, சோதனைக்குழாயின் வாயருகே எரியும் குச்சியைப் பிடித்தேன். "பொப்" என்று சத்தம். வகுப்பே சிரித்தது. "அலுமினியத்தோடு சோடியம் ஐதரொட்சைட்டு சேர்ந்தாலும் இதே வாயுதான். ஹாட்வெயாரில் விற்கும் கோஸ்டிக் சோடாதான் அது" என்றும் போகிற போக்கில் சொன்னேன். அதோடு மணி அடித்துவிட்டது.

அவனும் கூட்டாளிமாரும் கண்ணாடிப் போத்தலில் கோஸ்டிக் சோடாவைக் கரைத்து, வெள்ளித்தாளைப் போட்டு, வாயில் பலூனை மாட்டியிருக்கிறார்கள். முதல் பலூன் பறந்துவிட்டது. இரண்டாவதை அவன் கட்டிக்கொண்டிருந்தபோது தம்பி மத்தாப்போடு பக்கத்தில் வந்திருக்கிறான்.

சோதனைக்குழாயில் இருப்பது சில மில்லிலீற்றர் வாயு. பலூனில் இருப்பது லீற்றர் கணக்கில். குழாயில் "பொப்" என்பது பலூனில் நெருப்புப் பந்து. ஐதரசன் காற்றில் 4 வீதம் முதல் 75 வீதம் வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் பற்றும். பற்றுவதற்குத் தீக்குச்சிகூடத் தேவையில்லை, உடுப்பு உரசும்போது வரும் சிறு மின்பொறி போதும். அதன் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. காற்றைவிட ஏறத்தாழ 14 மடங்கு இலேசானது என்பதால்தான் பலூன் மேலே போகிறது. அதே ஐதரசனை நிரப்பிப் பறந்த ஹிண்டன்பேர்க் ஆகாயக் கப்பல் 1937இல் அமெரிக்காவில் தரையிறங்கும்போது ஒரு நிமிடத்துக்குள் எரிந்து விழுந்தது. 36 பேர் இறந்தார்கள்.

போத்தலும் அதேயளவு ஆபத்தானது. அந்தத் தாக்கம் வெப்பத்தை வெளிவிடும். சூடு ஏற ஏறத் தாக்கமும் வேகமாகும். கரைசல் தானாகக் கொதித்து நுரைத்து வெளியே பாயும், கண்ணாடி வெடிக்கும். கோஸ்டிக் சோடா கண்ணில் பட்டால் இழையங்களைக் கரைத்துக்கொண்டு உள்ளே போகும்.

மறுநாள் வார்டுக்குப் போனேன். புருவமும் இமை மயிரும் இல்லை. வலது கையில் கட்டு. கண்கள் தப்பிவிட்டன, அல்ஹம்துலில்லாஹ். என்னைக் கண்டதும் அவன் கேட்ட முதல் கேள்வி: "சேர், சமன்பாடு சரிதானே?"

சமன்பாடு சரி. அவன் ஒரு புள்ளிகூடக் குறைக்க முடியாதபடி செய்திருந்தான். நான்தான் பாடத்தைப் பாதியில் விட்டிருந்தேன். அவனுடைய வாப்பா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் இலேசாக இருந்திருக்கும்.

இப்போது ஒவ்வொரு வருடமும் அந்தப் பாடத்தில் "பொப்" சத்தத்துக்கு முன்பே இந்தக் கதையைச் சொல்கிறேன்.

பெற்றோரிடம் கேட்பது இவ்வளவுதான். கோஸ்டிக் சோடாவைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். பறக்கும் பலூன் வாங்கினால் உள்ளே என்ன வாயு என்று கேளுங்கள். ஹீலியம் எரியாது. பதில் தெரியாவிட்டால் வாங்க வேண்டாம். தோலிலோ கண்ணிலோ கோஸ்டிக் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடமாவது கழுவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். தேசிக்காய், பற்பசை எதுவும் பூச வேண்டாம்.

பிள்ளை ஏதாவது செய்து பார்க்க ஆசைப்பட்டால் ஏசாதீர்கள். பாடசாலைக்கு அனுப்புங்கள். ஆய்வுகூடத்தில், என் கண்முன்னே செய்யட்டும்.